காது மந்தமான பையனும் சம்பளம் வாங்காத காலேஜும்

கம்ப்யூட்டர் வைத்திருக்கிற வீடுகளில் 'இன்டெல்' என்ற பெயர் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்தக் கம்பெனியைப் பல வருஷம் கட்டி ஆண்ட ஆன்ட்ரூ குரோவ், அமெரிக்காவுக்கு அகதியாக வந்து இலவசமாகப் படித்தவர். அவர் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு அவரைவிட அவருடைய அம்மா நினைப்புதான்.

1936-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஆந்த்ராஷ் கிரோஃப். நாலு வயசில் 'ஸ்கார்லெட் ஃபீவர்' வந்தது. தொண்டை ரணமாகி, மேலெல்லாம் சிவந்து பொரியுமே, அதுதான். காதில் சீழ் கோத்து, ஆபரேஷன் செய்தும் கேட்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டது. பெனிசிலின் ஜனங்கள் கைக்கு வராத காலம். இன்றைக்கு ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கொடுத்தால் இந்த ஜுரம் அடங்கிவிடும். ஜுரம் விட்டதும் 'போதும்' என்று மருந்தை நிறுத்துகிற அம்மாக்கள் கவனிக்கணும்!

1942-ல் அப்பாவைக் கட்டாய வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1944-ல் ஜெர்மன் ராணுவம் உள்ளே வந்தது. அம்மா மரியா பொய்ப் பெயரில் காகிதங்கள் வாங்கிக்கொண்டு, தெரிந்த கிறிஸ்தவக் குடும்பத்தாரிடம் பிள்ளையோடு ஒளிந்திருந்தாள். எட்டு வயசுப் பையன் தன் சொந்தப் பெயரை மறந்து, புதுப் பெயரைத் தடுமாறாமல் சொல்லணும். காது கேட்காத பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறதென்றால்? நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1945-ல் அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்.

பையனுக்கு முதலில் பத்திரிகைக்காரனாக ஆசை. ஆனால் உறவுக்காரர் ஒருவரை அரசாங்கம் சிறையில் வைத்ததும், அதுவரை எழுத்தை வாங்கிப் போட்ட பத்திரிகை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்தவர் தயவில் மதிப்புக் கூடிக் குறையாத வேலை வேண்டும் என்று கெமிஸ்ட்ரி பக்கம் திரும்பினார்.

1956-ல் ஹங்கேரியில் கிளர்ச்சி. சோவியத் டாங்குகள் வந்து அதை நசுக்கின. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய அத்தை, "உடனே போய்விடு" என்கிற மாதிரி வற்புறுத்தினாளாம். இருபது வயசு, ஒரே பிள்ளை, காது மந்தம். பெற்றவர்கள் அனுப்பி வைத்தார்கள். அவர் இருட்டில் ஆஸ்திரிய எல்லையைத் தாண்டி, 1957 ஜனவரியில் கப்பலில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே தங்கினது உறவினர் வீட்டில். கையில் காசு இல்லை. படிக்கணுமே? நியூயார்க் சிட்டி காலேஜ் கைகொடுத்தது. 1847-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த அந்தக் காலேஜில் 1976 வரை சம்பளம் கிடையாது. நம் பக்கத்தில் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று, சாதிச் சான்று, பாங்கு பாஸ்புக் என்று அலைந்த அம்மாக்களுக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்! அகதிகளுக்கு உதவுகிற ஒரு சங்கம் அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தது.

என் நாத்தனார் பையனுக்கும் ஒரு காது கேட்காது. மிஷின் மாட்டினால் ஊர் என்ன சொல்லுமோ என்று அதை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். பையனோ வகுப்பில் கடைசி பெஞ்ச். எங்கள் இருவருக்கும் இதில் ஓயாத வாய்ச்சண்டை. நாளைக்குப் பொண்ணு கிடைக்காது என்கிறாள். பையனுக்கு வயசு ஒன்பது!

குரோவுக்குப் பொண்ணு கிடைத்தாள். லீவில் ஒரு ஹோட்டலில் மேஜை துடைக்கப் போன இடத்தில், தன்னைப் போலவே அகதியாய் வந்த ஈவாவைப் பார்த்தார். 1958-ல் கல்யாணம். 1960-ல் கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டம், 1963-ல் கலிஃபோர்னியாவில் டாக்டர் பட்டம். பிற்பாடு அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டார். 1968-ல் இன்டெல் ஆரம்பித்த புதிதிலேயே சேர்ந்தார். கம்ப்யூட்டரின் மூளையை நகத்தளவு சில்லில் அடக்கிய மைக்ரோபிராஸஸரை அந்தக் கம்பெனி 1971-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1987-ல் அவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். நடுவில் பல தடவை ஆபரேஷன் செய்து காதும் கேட்க ஆரம்பித்தது.

2005-ல் தன்னைப் படிக்க வைத்த காலேஜுக்கு 2 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்தார். காது மிஷின் கொடுத்த சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். 2016-ல் காலமானார். அந்தக் காலேஜின் இன்ஜினீயரிங் பள்ளி இன்று அவர் பெயரில் நடக்கிறது.