கொரோனா காலத்தில் வீட்டோடு தங்கிவிட்ட நெஞ்சுவலி

2020 மார்ச்சில் இத்தாலிய மருத்துவமனைகள் கொரோனா நோயாளிகளால் திணறிக்கொண்டிருந்தபோது, இதய சிகிச்சைப் பிரிவுகளுக்கு வருவோர் எண்ணிக்கை மட்டும் சரிந்துகொண்டே போனது. இத்தாலிய இதயவியல் சங்கம் 54 மருத்துவமனைகளின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. 2019 மார்ச்சில் ஒரே வாரத்தில் மாரடைப்புடன் சேர்ந்தவர்கள் 618 பேர். மறு ஆண்டு அதே வாரத்தில் 319 பேர்.

இங்கிலாந்தில் வாரத்துக்குச் சராசரியாக 3,017 பேர் வந்துகொண்டிருந்தது, 2020 மார்ச் இறுதியில் 1,813 ஆனது. இந்தியாவில் 187 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வும், ஊரடங்கு மாதங்களில் மாரடைப்புச் சேர்க்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததைக் காட்டியது. நம் ஊரில் அச்சத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பஸ்ஸும் ஓடவில்லை, ரயிலும் ஓடவில்லை.

நோயே குறைந்ததா?

அப்படியும் சிலர் சொன்னார்கள். அலைச்சல் இல்லை, புகை இல்லை, அதனால் மாரடைப்பும் குறைந்திருக்கலாம் என்று. ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இத்தாலியக் கணக்கை உள்ளே பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

மாரடைப்பு இரண்டு வகை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் முழுவதுமாக அடைத்துக்கொள்வது ஒன்று. வலி பெரும்பாலும் கடுமையாக இருக்கும், ஈசிஜியிலும் தெரிந்துவிடும். குழாய் பாதி அடைபட்ட நிலையில் வருவது மற்றொன்று. இதில் வலி வந்து வந்து போகலாம்; ஈசிஜி தெளிவாகக் காட்டாமல், ரத்தப் பரிசோதனையில் மட்டும் பிடிபடுவதும் உண்டு. இத்தாலியில் முதல் வகை 26.5 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையோ 65.1 சதவீதம்! நோய்தான் குறைந்தது என்றால் இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன்? பொறுக்க முடிந்த வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. முழு அடைப்போடு வந்த ஆண்கள் ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்தார்கள். பெண்கள் 41 சதவீதம். (வீட்டுப் பெண்கள் தங்கள் வலியை எப்போது வாய்விட்டுச் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா என்ன?)

தாமதத்தின் விலை

குழாய் அடைபட்டுச் சிறிது நேரத்திலேயே இதயத் தசை சாகத் தொடங்கும். மணிக்கணக்கில் போனால் செத்த தசை தழும்பாகிவிடும், திரும்ப உயிர்பெறாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியும் ஆஞ்சியோபிளாஸ்டியும் முதல் சில மணி நேரத்தில்தான் முழுப் பலன் தரும்.

ஹாங்காங்கின் ஒரு மருத்துவமனையில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவ உதவியை நாடும் வரை ஆன நேரம் முந்தைய ஆண்டில் சுமார் 82 நிமிடம். 2020 தொடக்கத்தில் அது 318 நிமிடமானது. மிகச் சில நோயாளிகளை வைத்து எடுத்த கணக்குதான். ஆனாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் என்பது மலைக்க வைக்கிறது. மருத்துவமனைப் பக்கமும் தாமதம் இருந்தது. கொரோனா உண்டா என்று கேட்டறிய வேண்டும், பாதுகாப்பு உடை அணிய வேண்டும்.

இத்தாலியில் முழு அடைப்போடு வந்து இறந்தவர்கள் 4.1 சதவீதத்திலிருந்து 13.7 ஆனார்கள். லொம்பார்டிப் பகுதியின் நான்கு மாவட்டங்களில், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்கள் 229லிருந்து 362 ஆக உயர்ந்தார்கள். இந்தக் கூடுதலில் பெரும்பகுதியினருக்குக் கொரோனா இருந்தது அல்லது இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. ஆகவே இந்த உயர்வு முழுவதையும் தாமதத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

வீட்டிலேயே இருங்கள் என்று அரசுகள் சொன்னது சரிதான். நெஞ்சுவலிக்கு இது பொருந்தாது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் அதற்கான பிரசாரம் ஏப்ரல் பிற்பகுதியில்தான் வந்தது.

இனி என்ன செய்வது?

நடு நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் 108ஐ அழையுங்கள். தானே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வெறும் சோர்வாக, குமட்டலாக, வாயுத் தொல்லைபோலவும் வரலாம். சோடா குடித்துப் பார்த்துக் காத்திருக்கும் வழக்கத்தை விடுவது நல்லது.

கொரோனா மாதங்களில் நீண்ட நேரம் நெஞ்சுவலி வந்து, டாக்டரிடம் போகாமலே சரியாகிவிட்டதா? இப்போது மாடி ஏறினால் இளைக்கிறதா, காலில் வீக்கம் தெரிகிறதா? ஒருமுறை ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பாருங்கள். பழைய தழும்பு இருந்தால் எக்கோவில் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதயம் மேலும் பலவீனமாகாமல் காக்க மருந்துகளும் உண்டு.