காருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

ஹைதராபாத்தில் வசிக்கும் நம்மவர்களுக்குக் கார் என்பது ஊருக்குள் சுற்றுவதற்கு மட்டுமல்ல. பொங்கலோ கோடை விடுமுறையோ வந்துவிட்டால் பெட்டி படுக்கை, பேரன் பேத்திகள் சகிதம் விஜயவாடா, நெல்லூர் வழியாகச் சென்னைக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டிய வாகனம் அது. அந்தக் காரின் அடிவயிற்றில், யார் கண்ணிலும் படாமல் பாரம் சுமக்கும் ஓர் உறுப்பைப் பற்றியதே இக்கட்டுரை. புத்தகத்தில் அதன் பெயர் சப் ஃப்ரேம். மெக்கானிக்குகள் பலருக்கு அது ‘கிராஸ் மெம்பர்’.

பழைய கார்களுக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் உண்டு. 1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அந்த வகைதான். ஆனால் எல்லோரும் சேசிஸ் வண்டி என்று நினைக்கும் அம்பாஸிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே எலும்புக்கூடாக அமைந்த வண்டி அது. இன்றைய கார்கள் அநேகமாக எல்லாமே அப்படித்தான். மெல்லிய தகடுகளால் ஆன அந்த உடலில் எஞ்சினின் அதிர்வையும் சக்கரத்தின் இடியையும் நேரே இறக்கினால் தாங்காது. அதற்காக நடுவில் வந்த கனத்த இரும்புச் சட்டமே சப் ஃப்ரேம். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரில் முன்னும் பின்னும் இரண்டு சப் ஃப்ரேம்கள் இருந்தன.

முன்பக்கச் சட்டத்தில்தான் லோயர் ஆர்ம்கள், ஸ்டெபிலைசர் பார், பல வண்டிகளில் ஸ்டியரிங் ராக், எஞ்சின் மவுண்டிங் ஒன்று ஆகிய எல்லாம் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையில் இவற்றை எஞ்சின், கியர்பாக்ஸுடன் ஒன்றாகக் கோர்த்துக் கீழிருந்து உயர்த்தி உடலோடு சேர்ப்பார்கள். மோட்டார் தொழிலில் அந்தக் கட்டத்துக்குக் ‘கல்யாணம்’ என்றே பெயர்!

எப்போது கழற்றுவார்கள்?

விபத்தில் சட்டம் வளைந்தால், துருப்பிடித்தால், சில கார்களில் கிளட்ச் அல்லது ஸ்டியரிங் ராக் மாற்றவேண்டி வந்தால் இதைக் கீழே இறக்கித்தான் ஆகவேண்டும். 2020 அக்டோபர் வெள்ளத்தில் இந்நகரில் மூழ்கிய கார்களை மறந்திருக்க மாட்டோம். சட்டத்தின் உள்கூட்டில் தங்கிய சேறும் நீரும் வெளியே தெரியாமல் உள்ளிருந்தே அரிக்கும். பழைய பாகம் வாங்குபவர்கள், அது சென்னைப் புதுப்பேட்டையானாலும் இங்குள்ள சந்தையானாலும், வெல்டிங் போட்டு நிமிர்த்திய சட்டத்தைத் தொடவே கூடாது.

மறுபடி மாட்டுவது

கழற்றுவது எளிது. மாட்டுவதில்தான் வித்தை இருக்கிறது.

முதலில் பாதுகாப்பு. சட்டம் இறங்கினால் எஞ்சினுக்கு ஒரு பக்கப் பிடி போய்விடும். மேலிருந்து குறுக்குக் கம்பி போட்டு எஞ்சினைத் தாங்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கீழே படுத்து வேலை செய்யும் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

கழற்றுமுன் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிட வேண்டும். அது தன் போக்கில் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் நாடா அறுந்துவிடும். சட்டம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைப்பது நல்லது.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் சில சுற்று ஏற்ற வேண்டும். கோணலாக ஏற்றி ஏர் கன்னால் அழுத்தினால், உடலுக்குள் வெல்டு செய்த நட்டின் மரை போய்விடும். பிறகு தகட்டை வெட்டாமல் வேறு வழியில்லை. அடுத்து, வழிகாட்டித் துளைகள் இருந்தால் அவற்றில் ஊசி செருகி, சட்டம் நடுவில் நிற்பதை உறுதிசெய்த பிறகே, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்க வேண்டும். சில வண்டிகளில் இந்தப் போல்ட்டுகள் ஒருமுறைக்கு மேல் உதவாது. புதிது போட வேண்டும்.

லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளை மட்டும் வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய நிலையில் கடைசியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழ்ந்து சீக்கிரம் கிழியும்.

சில மில்லிமீட்டர் செய்யும் வேலை

சட்டம் இடப்பக்கம் சற்றே நகர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? சக்கரத்தின் மேல்பகுதி உடலோடு நிற்கும், கீழ்ப்பகுதி மட்டும் நகரும். ஒரு சக்கரம் உள்சாயும், மற்றது வெளிச்சாயும். பல கார்களில் இந்தச் சாய்வைத் திருத்தத் தனி ஏற்பாடு இல்லை. அங்கே டை ராடை மட்டும் திருகி ‘அலைன்மெண்ட் முடிந்தது’ என்றால் டயர் ஒருபக்கமாகத் தேய்வது நிற்காது. சட்டத்தைத் தளர்த்தி நகர்த்துவதே மருந்து. ஆகவே வேலை முடிந்ததும் அலைன்மெண்ட் அறிக்கையின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். இரு பக்கச் சாய்வும் எதிரெதிராக மாறியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

வண்டியை எடுத்த அன்று நேர்சாலையில் கவனியுங்கள். ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? பிரேக் போட்டால் ‘டக்’ என்று ஒலிக்கிறதா? ஒருபக்கம் இழுக்கிறதா? ஒன்று இருந்தாலும் 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையின் வேகத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். திரும்பப் பட்டறைக்கே போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

‘டார்க் ரெஞ்ச் இருக்கிறதா?’ என்று உஸ்தாத்திடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல தொழிலாளி அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார், சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். இந்தக் கல்யாணத்துக்கு நாள் நட்சத்திரம் தேவையில்லை. பொருத்தம் மட்டும் மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். குடும்பத்தோடு ஊர் போய்ச் சேருவது அதில்தான் இருக்கிறது.