மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீர் ஏறும்

ஒரு நீளமான கட்டையின் மேல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைத் திருகுபோலச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு முனை வாளித் தண்ணீரில் மூழ்கும்படி சாய்த்துப் பிடித்து, மெல்லச் சுழற்றுங்கள். குழாயின் வாய் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தண்ணீரை அள்ளும். அது வளைவு வளைவாக மேலேறி மறுமுனையில் கொட்டும். கொட்டவில்லையா? திசையை மாற்றிச் சுற்றிப் பாருங்கள்!

தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும், மேட்டில் எப்படி ஏறியது? அது பள்ளத்தை விட்டு அசையவே இல்லை. திருகு சுற்றும்போது அந்தப் பள்ளமே மேலே நகர்கிறது. இதுதான் ஆர்க்கிமிடிஸ் திருகு.

கிமு முதலாம் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதன் அளவுகளை எழுதி வைத்தார். நடுத்தண்டின் விட்டம் முழுத் திருகின் விட்டத்தில் பாதி, அதாவது 0.5. சாய்வு 3-4-5 செங்கோண முக்கோணத்தின்படி, ஏறக்குறைய 37 பாகை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணித அறிஞர் கிறிஸ் ரோரஸ் கணக்கிட்டபோது, அதிகத் தண்ணீர் ஏற்றும் விகிதம் சுமார் 0.54 என்று தெரிந்தது. கணினி இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்ததே பெரிய விஷயம்!

நெதர்லாந்தின் தாழ்ந்த நிலங்களில் தேங்கும் நீரை இன்றும் இத்தகைய திருகுகள் வெளியேற்றுகின்றன. மழை கொட்டும்போது இன்னும் வேகமாகச் சுழற்றினால் என்ன? அங்கேதான் சிக்கல். வேகம் கூடினால் பள்ளங்கள் நிரம்ப நேரம் இருக்காது. நிரம்பியதும் சிதறி, நடுத்தண்டைத் தாண்டிக் கீழே வழியும். பொறியாளர்கள் பின்பற்றும் உச்ச வேகம் இது: 50 என்ற எண்ணை, மீட்டரில் அளந்த விட்டத்தின் 2/3 அடுக்கால் வகுக்க வேண்டும். 1 மீட்டர் திருகுக்கு நிமிடத்துக்கு 50 சுற்று. 4 மீட்டர் திருகுக்குச் சுமார் 20 சுற்றுதான். அதையும் 50 முறை சுழற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

கூடுதல் நீர் வேண்டுமானால், வேகத்தைக் கூட்டாமல் இன்னொரு திருகைப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

இந்த நிதானத்தால் ஒரு நன்மையும் உண்டு. வேகமாகச் சுழலும் சாதாரணப் பம்பின் இலைகள் மீன்களை வெட்டிவிடும். திருகிலோ, மீன்கள் தண்ணீரோடு ஒரே பள்ளத்தில் அமர்ந்து பயணம் செய்கின்றன. ஆபத்து பெரும்பாலும் நுழையும் இடத்தில்தான். அதனால் சில திருகுகளில் முன்விளிம்புக்கு ரப்பர் பூட்டுகிறார்கள்.

இதே திருகைத் தலைகீழாகவும் வேலை வாங்கலாம். இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில், ரோம்னி தடுப்பணையில் இரண்டு திருகுகள் உள்ளன. அங்கே தண்ணீர் மேலிருந்து இறங்கித் திருகுகளைச் சுழற்றுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் வின்ட்சர் அரண்மனைக்குப் போகிறது.