பன்னிரண்டு சொல்லில் எத்தனை?

சோதனை செய்பவர் பன்னிரண்டு சொற்களை நிதானமாக வாசிக்கிறார். நான்கு விலங்குகள், நான்கு ரத்தினக் கற்கள், மனிதர் குடியிருக்கும் நான்கு இடங்கள். எல்லாம் வரிசை கலைந்து வரும். கேட்டவர் நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இருபது, இருபத்தைந்து நிமிடம் போனபின், "முன்னே வாசித்தேனே, அந்தச் சொற்களைச் சொல்லுங்கள்" என்பார். ஹாப்கின்ஸ் சொல் கற்றல் சோதனை என்று இதற்குப் பெயர். ஒரு தாளும் கடிகாரமும் போதும். மூளைக்குத் தரும் கதிர்வீச்சு சிகிச்சையைக் கடந்த இருபது ஆண்டுகளில் மாற்றியதில், கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரங்களுக்கு இருக்கும் பங்கு இந்தத் தாளுக்கும் உண்டு என்பேன்.

நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவினால், மூளை முழுவதற்கும் கதிர் கொடுப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அதுதான். பெரும்பாலும் ஒரு தடவைக்கு 3 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), பத்து தடவையில் 30 கிரே. ஸ்கேனில் தெரியும் கட்டியோடு, தெரியாமல் ஒளிந்திருக்கும் துணுக்குகளும் அழியும் என்பது கணக்கு. கட்டி சுருங்கியதா, நோயாளி எத்தனை மாதம் இருந்தார் என்று பார்ப்பதோடு பழைய ஆய்வுகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. அந்த மாதங்களில் அவரால் பேரன் பேரை நினைவு வைத்துக்கொள்ள முடிந்ததா என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டபோது கிடைத்த பதில் சங்கடமானது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார், மூளையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் வரை உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கட்டியை மட்டும் குறிவைத்த கதிர். இன்னொரு பிரிவுக்கு அதோடு முழு மூளைக்கும் கதிர். 58 பேர் சேர்ந்த நிலையிலேயே ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. நான்காம் மாதத்தில் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் சரிவதற்கான வாய்ப்பு முதல் பிரிவில் 24 சதவீதம், இரண்டாவதில் 52. முடிவுகள் 2009இல் வெளியாயின. இதற்கு மறுபக்கமும் உண்டு. மூளையில் புற்று மறுபடி தலைகாட்டாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதமே. முழு மூளைக்கும் கதிர் பெற்றவர்களில் 73 சதவீதம். ஆகவே குறிவைத்த கதிர் மட்டும் போதுமென்றால், அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும், திரும்பி வந்தால் மறுபடி சிகிச்சை செய்யவும் தயாராக இருக்க வேண்டும்.

சேதம் ஏன் நினைவில் போய் விழுகிறது? மூளையின் இரு பொட்டுப் பக்கங்களிலும் உள்ளே ஆழத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகேம்பஸ்தான் புதிய நினைவுகள் உருவாகும் இடம். 1953இல் வலிப்பு நோய்க்காக ஹென்ரி மொலேசன் என்ற இளைஞருக்கு இரு பக்கத்திலும் அந்தப் பகுதியை வெட்டியெடுத்தார் வில்லியம் ஸ்கோவில். மொலேசனுக்குச் சிறுவயது நினைவுகள் இருந்தன. சற்றுமுன் பேசிய ஆள் யாரென்று தெரியவில்லை. கதிர் கத்தியைப் போல வெட்டுவதில்லை. அதன் வேலை வேறு விதம். 2002இல் மிஷெல் மோன்ஜேயும் தியோ பால்மரும் எலிகளில் செய்த ஆய்வில், கதிர் பட்ட ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோனது. கதிரே படாத ஸ்டெம் செல்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தும் அவை நரம்பணுக்களாக வளரவில்லை. விதையில் குறையில்லை, மண் கெட்டுவிட்டது. சுற்றியுள்ள அழற்சி அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூளைக்குக் கதிர் கொடுத்தால் என்ன? பரவிய கட்டிகள் ஹிப்போகேம்பஸில் வந்து உட்காருவது அரிது என்பதால் துணிந்து முயன்றார்கள். இயந்திரம் தலையைச் சுற்றியபடி கதிரின் வலுவைக் கூட்டிக் குறைத்து, மூளைக்கு 30 கிரே போகும்போது ஹிப்போகேம்பஸ் முழுவதற்கும் 9 கிரே என்ற எல்லை வரை மட்டுமே விழும்படி செய்யும். 518 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் மறதி நோய்க்குத் தரும் மெமன்டைன் மாத்திரை கொடுக்கப்பட்டது. ஹிப்போகேம்பஸ் காக்கப்பட்டவர்களுக்கு அறிதிறன் சரியும் அபாயம் 26 சதவீதம் குறைந்தது. ஆயுளிலோ, கட்டி அடங்குவதிலோ வேறுபாடு இல்லை. ஆறாம் மாதத்தில் அவர்களே, களைப்பும் மறதியும் குறைவு, பேசச் சிரமம் குறைவு என்று சொன்னார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சோதனைத் தாளின் மதிப்பெண்ணும் மனிதர் தம்மைப் பற்றிச் சொல்வதும் ஒத்துப்போகாத ஆய்வுகள் பல.

ஒத்துப்போகாததற்குக் காரணங்கள் உண்டு. மறதி உள்ளவருக்குத் தாம் மறப்பதே மறந்துபோகும். வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், எரிச்சல் தரும், தொடைத் தசையை வலுவிழக்கச் செய்யும். எல்லாப் பழியும் கதிரின் மேல் விழும். கட்டியும் சும்மா இருப்பதில்லை. அது வளர்ந்தாலே அறிவு மங்கும். பிரான்சில், மூளையிலேயே தொடங்கும் புற்றான கிளியோபிளாஸ்டோமா வந்த, எழுபது வயதும் அதற்கு மேலுமான 81 பேரைக் கொண்ட ஆய்வு 2007இல் வெளியானது. கதிர் பெற்றவர்களின் ஆயுள் இடைநிலைக் கணக்கில் 29.1 வாரம், பெறாதவர்களுக்கு 16.9 வாரம். வாழ்க்கைத் தரமோ அறிதிறனோ கதிரால் கெடவில்லை. முதியவர் என்பதற்காகவே வேண்டாம் என்று ஒதுக்குவதும் தவறு.

நேர்மாறாக, நுரையீரல் புற்று மூளைக்குப் பரவி, அறுவைக்கோ குறிவைத்த கதிருக்கோ வழியில்லாத 538 பேரை பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆராய்ந்தபோது, முழு மூளைக் கதிரால் கூடுதலாகக் கிடைத்தது வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்து நாளுக்கும் குறைவு. ஐந்து நாள் மருத்துவமனைக்கு அலைந்து இதைப் பெறலாமா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும்.

நினைவையும் அறிதிறனையும் அளக்கும் இந்தச் சோதனைகளை நம்மிடம் கொண்டுவருவதில் சிக்கல்கள் உண்டு. ஒன்றில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும்: 1, ஏ, 2, பி என்று. பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டி இதில் தடுமாறினால் மூளை கெட்டுவிட்டது என்று பொருளாகாது. அவருக்கேற்ற சொற்களும் படங்களும் வேண்டும். சோதனையைக் கதிர் தொடங்குமுன் ஒருமுறை செய்து வைத்திருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அரை மணி நேரம் ஒதுக்க முடியாது என்றால், முன்பு எதையெல்லாம் தாமே செய்தார், இப்போது எதில் பிசகுகிறார் என்று உடன் வருபவர் ஒரு நோட்டில் எழுதி வந்தாலும் மருத்துவருக்கு உதவும். மாத்திரை போட்டதை மறந்து இரண்டாம் முறை போட்டது, கடைக் கணக்கில் சில்லறை தவறியது, தெரிந்த தெருவில் வழி தப்பியது எல்லாம் அதில் இருக்கட்டும், தேதியோடு.