கால் மருத்துவர் ஆக என்ன படிக்கலாம்? மலாக்கா மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

எஸ்.பி.எம். முடித்ததும் 'டாக்டராகணும்' என்று சொல்லும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய பேர். 'காலுக்கு டாக்டராகணும்' என்று சொல்பவர்களைத்தான் காணோம். அப்படி ஒரு படிப்பு உண்டு. பொடியாட்ரி என்று பெயர். பாதத்தையும் கணுக்காலையும் கவனிக்கும் துறை.

தேவை நம் வீடுகளிலேயே இருக்கிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இனிப்பு நீர் பல ஆண்டுகள் கட்டுக்குள் வராவிட்டால் பாதம் மரத்துப் போகும். புக்கிட் ஆசாஹான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்படியொருவருக்கு, சிலிப்பரைத் துளைத்து முள் ஏறினாலும் வலிக்காது. வலி இல்லையே என்று கிளினிக் போகமாட்டார். புண் எலும்பு வரை இறங்கிய பிறகு மருத்துவமனைக்குப் போனால், விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம்.

பொடியாட்ரிஸ்டின் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். தடித்த தோலைச் சீவுவார், நகத்தைச் சரிசெய்வார், புண் மீது உடல் எடை விழாதபடி காலணியை மாற்றித் தருவார். பார்க்கச் சாதாரண வேலைதான், ஆனால் காலைக் காப்பாற்றுவது இதுதான்.

எங்கே படிப்பது? நம் நாட்டில் இந்தத் தொழில் செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் படித்து வந்தவர்கள். இங்கிலாந்தில் பட்டப்படிப்பு 3 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் 4 ஆண்டு. அமெரிக்காவில் ஒரு பட்டம் முடித்து, மேலும் 4 ஆண்டு படித்து, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியும் பெற வேண்டும். கட்டணத்தை ரிங்கிட்டில் கணக்குப் போட்டால் தலை சுற்றும். பணம் கட்டும் முன், அந்தப் பட்டத்தோடு இங்கே வேலை செய்ய என்ன பதிவு தேவை என்று சுகாதார அமைச்சிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி எலும்பு முறிவு நிபுணர் ஆவது. புக்கிட் பாருவில் உள்ள மணிபால் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இருப்பதால், மலாக்காவை விட்டுப் போகாமலே தொடங்கலாம். ஆனால் மருத்துவப் படிப்பு 5 ஆண்டு, பயிற்சி 2 ஆண்டு, மேற்படிப்பு 4 ஆண்டு என்று, சிறப்பு நிபுணராகும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும்.

என்னைக் கேட்டால், பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவ உதவி அதிகாரி அல்லது தாதியர் டிப்ளோமாதான் நல்ல நுழைவாயில். மூன்றே ஆண்டுகள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகளிலும் படிக்கலாம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் அரசு கிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், நீரிழிவு நோயாளியின் பாதத்தைப் பார்ப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். வேலையில் சேர்ந்தபின் புண் பராமரிப்பு, நீரிழிவுப் பராமரிப்பு போன்றவற்றில் மேற்பயிற்சி எடுக்கலாம். நுழைவுக்கு மலாய், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட் முக்கியம். படிவம் 4-இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனதில் வையுங்கள்.