தீபாவளிக் குழம்பு மறுநாளுக்கு இருக்குமா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் கோழிக் கடைகளின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். ரொட்டியும் சம்பலும், சோறும் பருப்புமாக ஓடுகிற லயத்தில் அன்றைக்குத்தான் வறுத்த மல்லியும் தேங்காயும் சேர்ந்த இறைச்சிக் குழம்பு மணக்கும். அந்தக் குழம்பை யாரும் ஒரு வேளைக்கென்று வைப்பதில்லை. பெரிய சட்டியில் வைத்து, இரவில் அடுப்போரமாக மூடிவைத்து, காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள். மறுநாள் குழம்புக்கு ருசி கூடும் என்பது உண்மைதான். வயிற்றைக் கெடுக்கக்கூடியதும் மூடிய சட்டியில் கழிந்த அந்த இரவுதான்.

வாந்தியோ பேதியோ வந்தால் "கோழி பழுது" என்று கடைக்காரர்மேல் பழி போடுகிறோம். சில வேளை அது நியாயம். பச்சைக் கோழியில் சல்மொனெல்லா, கம்பிலோபக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். இறைச்சியின் உட்பகுதி 70 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டால் இவை செத்துப்போகும். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், அப்புத்தளை உயரத்தில் 95 பாகைக்கு அருகிலேயே கொதித்துவிடும். அதனால் அங்கே எலும்போடு சேர்ந்த துண்டு வேக நேரம் கூடும். எலும்பருகே சிவப்புச் சாறு கசிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். கோழியைப் பீலியடியில் வைத்துக் கழுவுவதையும் விட்டுவிட வேண்டும். தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை குடிதண்ணீருக்குக் குடம் வைக்கும் இடமும் அதுதான்.

நன்றாக வெந்த குழம்பிலும் தப்பிப் பிழைக்கும் கிருமி ஒன்று உண்டு. அதன் பெயர் குளொஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். இது வித்து வடிவிலும் இறைச்சியில் இருக்கலாம். கொதியிலும் அந்த வித்து சாகாது. அடுப்பை அணைத்து, குழம்பு 60 பாகைக்குக் கீழே இறங்கியதும் வித்து முளைத்துப் பெருகத் தொடங்கும். 43 முதல் 47 பாகைவரை, அதாவது கை பொறுக்கும் வெதுவெதுப்பில், அதன் பெருக்கம் மிக வேகமானது. காற்றில்லாத இடமே அதற்குப் பிடிக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கெட்டிக் குழம்பின் அடிப்பகுதியில் காற்றும் இல்லை, சூடும் லேசில் ஆறாது. பெரிய சட்டி நிறைய வைத்த குழம்பு வெளிப்பக்கம் குளிர்ந்துவிட்டாலும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். குழம்பின் மணமும் நிறமும் மாறியிருக்காது. முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கும் நம் பழக்கம் இந்த இடத்தில் பயன்படாது.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளிலும், அங்கும் ஐரோப்பாவிலும் நத்தாரிலும் வான்கோழியைச் சுட்டு, அதிலிருந்து வடியும் கொழுப்பிலும் சாற்றிலும் மாவைக் கிளறிக் கெட்டியான குழம்பு வைப்பார்கள். பெர்ஃபிரிஞ்சன்ஸ் நோய் கூட்டமாகப் பரவும் சம்பவங்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் அடிக்கடி நடப்பதையும், வான்கோழி, மாட்டிறைச்சி போன்ற பண்டிகை உணவுகளோடு அவை தொடர்புபட்டிருப்பதையும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுட்டிக்காட்டியிருக்கிறது. அந்நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு இந்தக் கிருமியால் வயிறு கெடுகிறது. அங்கே வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. அப்படியிருந்தும் விருந்து நாளில் ஒரே பாத்திரத்தில் நிறையச் சமைத்து, மேசையில் நீண்ட நேரம் விட்டுவிடுவதால்தான் இது நேர்கிறது.

ஆகவே அடுப்பை அணைத்த பிறகு வரும் இரண்டு மணி நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊவாவில் இதற்குக் கைகொடுக்கக்கூடியது பீலித் தண்ணீர். குழம்பை ஒரே சட்டியில் விடாமல் நாலைந்து அகலமான பாத்திரங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாதபடி ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பேசினில் பாத்திரங்களை இறக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி, இடையிடையே கிண்டிவிடுங்கள். சூடு மளமளவென்று இறங்கிவிடும். அதன் பிறகு 5 பாகைக்குக் கீழே குளிரூட்ட வேண்டும். மறுபடி சூடாக்கும்போது ஓரத்தில் நுரை கட்டினால் போதாது. நடுவிலும் கொப்பளித்து, சில நிமிடம் கொதிக்க வேண்டும். ஆனால் கையிலிருந்து உணவில் சேரும் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி விடும் நஞ்சைக் கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது. கையில் புண்ணோ கட்டியோ உள்ளவர் இறைச்சி வெட்டவும் பரிமாறவும் வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் என்ன செய்வது? வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், ஒரே காம்பிராவில் குடும்பம் முழுவதும் படுத்து, இஸ்தோப்பை மறைத்துச் சமைக்கும் தாயிடம் போய் "உணவைக் குளிரூட்டி வையுங்கள்" என்று சொல்வது அவளை அவமதிப்பதாகும். அவளுக்கு அறிவு போதாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். வீடும் மின்சாரமும் போதாது. அந்த நிலை மாறும்வரை, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் சமைத்து, மிஞ்சுவதைச் சூடாக இருக்கும்போதே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பண்டிகை நாளில் பலகாரத் தட்டு போகிற வழியில் குழம்புக் கிண்ணமும் போகட்டும். சாப்பாடு முடியும்வரை குழம்பை வைத்திருக்க வேண்டுமென்றால் தணலில் ஆவி பறக்க வையுங்கள்; வெறும் வெதுவெதுப்பில் விடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நோய் வரலாம். பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றால் சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் பேதியும் வரும். வாந்தி, காய்ச்சல் அநேகமாக இராது. உணவில் ஊறிய நஞ்சு என்றால் அரை மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கலாம். முதல் மருந்து தண்ணீர்தான். ஜீவனிப் பொதியை அதில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். அது இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் நின்றுபோதல், குழந்தையின் கண் குழிவிழுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் சீக்கிரமே கொண்டுபோங்கள். 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் இலவசம். நோயாளிகளை அறிந்து உடனடி உதவிக்கு ஏற்பாடு செய்யும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருக்கிறது. நடு இரவில் வண்டி கேட்பவர் யாரிடமும் தயவு கேட்கவில்லை.

இலங்கையில் உணவு நஞ்சாதல் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே வைத்தியர் அதைப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பேரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விசாரிக்க வருவார். தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாளே மலைக்குப் போய்விட்டால் இதில் எதுவும் நடக்காது. தொற்றுநோயியல் பிரிவு மாவட்ட வாரியாக வெளியிடும் வாராந்த அறிக்கையில் அந்த லயம் இடம்பெறாது. ஒன்றாகச் சாப்பிட்ட இரண்டு பேருக்கு நோய் வந்தாலே, "ஒரே சாப்பாடு, இத்தனை பேருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். மிஞ்சிய குழம்பைக் கொட்டிவிடாமல், யார் கையும் படாதபடி மூடி, பரிசோதகர் வரும்வரை வையுங்கள்.

குற்றம் கடையினுடையது என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. உண்ணத் தகாத உணவைத் தயாரிப்பதும் விற்பதும் விநியோகிப்பதும் இதன்படி குற்றம். பரிசோதகர் கடைக்குள் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், உணவைக் கைப்பற்றலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கலாம். உறைகோழி வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். உருகி மறுபடி உறைந்த பொதியை வாங்காதீர்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். பொதியின் உறையையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் சேர்த்து வையுங்கள். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அந்த உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.