ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கான நிர்வாகப் பயிற்சி (தெள்ளார் வட்டாரம்)

தெள்ளார், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் உள்ள ஊர்; தெள்ளார் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். தேர்தலில் வென்று முதன்முறையாகப் பொறுப்பேற்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பயிற்சி தரும் அரசு நிலையம் இதே மாவட்டத்தில், பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியை அடுத்த எஸ்.வி. நகரத்தில் இருக்கிறது. மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தின்கீழ் இயங்கும் ஐந்து மண்டல நிறுவனங்களில் இது ஒன்று. மற்றவை பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, தே. கல்லுப்பட்டி ஆகிய ஊர்களில் உள்ளன.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி 21 வயது நிரம்பியவர் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடலாம். சட்டமன்றத்துக்கு 25 வயது வேண்டும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கல்வித் தகுதி எதையும் கேட்பதில்லை. 2021 தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 22 வயதுப் பட்டமேற்படிப்பு மாணவி ஒருவர் தலைவரானார்.

வந்தவாசியிலிருந்து அதிகத் தொலைவில்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை விதி வேறாக இருந்தது. கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி உறுப்பினருக்கு வயது 35 முதல் 70 வரை இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும் கல்வியும் வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்கு வர முடியாது. அந்த விதி முதலில் தகுதியைப் பார்த்து, பிறகு பொறுப்பைத் தந்தது. இன்று பொறுப்பு முதலில் வருகிறது, கற்றுக்கொள்வது அதன்பின். சாதியும் சொத்தும் வாசலை அடைத்த பழைய முறையைவிட இது நல்லதுதான். ஆனால், அந்த இடைவெளியில் நடக்கும் தவற்றுக்கு விலை உண்டு.

விலை எங்கே என்றால், கையெழுத்தில். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஊராட்சியின் பொதுநிதி கணக்கு எண் 1இல் இருக்கும். மின்கட்டணம், குடிநீர்க் கட்டணம் கட்டுவதற்கானது கணக்கு எண் 2. திட்ட நிதிக்கானது கணக்கு எண் 3. திட்டப் பணத்தை எடுத்துத் தெருவிளக்கு மாற்றினால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் தணிக்கையில் தடை எழும். 'செயலாளர் நீட்டிய இடத்தில் போட்டேன்' என்ற பதில் அங்கே எடுபடாது. சட்டத்தின் 205ஆவது பிரிவு, தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கைக்கு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது.

ஆகவே பயிற்சியில் சட்ட விளக்கத்தைவிட வரவு செலவுப் பதிவேட்டைப் படிக்கப் பழகுவதே இளையவர்களுக்கு அதிகம் உதவும். வீட்டு வரியை எப்படி விதிப்பது, தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பவையும் அப்படியே. தீர்மானத்தில் தொகையும் பணி நடக்கும் இடமும் விடுபட்டால் பின்னால் சிக்கல்தான். கிராம சபைக்கு வரவேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும் தெரிந்திருக்க வேண்டும்: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன.

தேர்தல் முடிந்த ஆறு மாதத்துக்குள் அடிப்படைப் பயிற்சி, இரண்டு ஆண்டுக்குள் புத்தாக்கப் பயிற்சி என்பது ஒன்றிய அரசு வகுத்த முறை. பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு 2016இல் சட்டமானது. பயிற்சிக்குத் தலைவியே வந்தாலும் ஊரில் கோப்பைப் பார்ப்பவர் கணவராக இருக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. கற்றவர் ஒருவர், கோப்பைக் கையாள்பவர் இன்னொருவர் என்றால் அந்தப் பயிற்சி ஊருக்கு வந்து சேர்வதில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.